ரிம் உரிக்க எல்லாம் விற்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா?

பைக் சக்கரத்தின் ரிம்மை உரித்துப் பளபளப்பாக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் சென்னையில் கிடைக்கும். பெயின்ட் ரிமூவர் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே இருக்கிறது. ரசாயனம் வேண்டுமென்றால் நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் போனால் கட்டிக் கொடுப்பார்கள். பஃபிங் துணிச் சக்கரமும் சோப்பும் பாரிமுனைச் சந்துகளில் இருக்கின்றன. பழைய அலாய் வீலே வேண்டுமா, இருக்கவே இருக்கிறது புதுப்பேட்டை. காசை நீட்டினால் பொருள் கைக்கு வந்துவிடும். அந்தப் பொருள் எந்த உலோகத்தை என்ன செய்யும், வாங்குகிறவனின் நுரையீரலை என்ன செய்யும் என்ற ஒரு வார்த்தை மட்டும் எந்தக் கல்லாவிலிருந்தும் வராது. வண்டியைச் சொந்தக் கையால் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் என் ஆதங்கம் முழுக்க இதைப் பற்றியதுதான்.

"கடையில கொடுத்துட்டு வர வேண்டியதுதானே" என்பார்கள். கொடுத்துப் பாருங்கள், தெரியும். திருவான்மியூரிலோ காசிமேட்டிலோ இருக்கிறவர்களின் வண்டிச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் லாக்கருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கும். கல் தெறித்தோ, பங்க்சர் கடையில் லீவர் பட்டோ லாக்கரில் ஒரு பொட்டு விட்டிருந்தால் போதும். உப்புக் காற்றும் ஈரமும் அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, லாக்கருக்கும் அலுமினியத்துக்கும் நடுவே புழு ஊர்ந்ததுபோல் தடம் போட்டுக்கொண்டே போகும். மேலே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது, ஏனென்றால் அரிப்பு இருப்பது அடியில். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன பதில் வருகிறது?

"சார், இதுக்கெல்லாம் ஏன் சார் மெனக்கெடுறீங்க? மேலயே கறுப்பு அடிச்சு விட்டுர்றேன். சாயங்காலம் வந்து வண்டிய எடுத்துக்குங்க."

மேலே கறுப்பு அடித்தால் அடியில் இருக்கும் அரிப்பு என்ன ஆகும் என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்." ஆகும். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கறுப்பு கொப்பளித்து, பொருக்குப் பொருக்காக உதிரும். அப்போது போய் நின்றால், இன்னொரு கோட் அடிக்கலாம் என்பார்கள். பழைய பூச்சை முழுசாக எடுத்து, அரித்த இடத்தைத் தேய்த்துச் சுத்த உலோகத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அந்தப் பொறுமை கடைக்கு இல்லாததால்தான் இந்த வேலை வீட்டுக்கு வருகிறது. வந்த பிறகு வழி சொல்ல ஆளில்லை.

முதலில் கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். அதைக்கூட யாரும் கேட்பதில்லை. ஒரு சின்னக் காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இந்த ஒரு கேள்வியில் மொத்த வேலையும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. 1985-லிருந்து 1996 வரை வந்த ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கும் பையன்கள் அதைத் தேடித் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். அதன் ரிம் இரும்பு. மேலே நிக்கல் பூசி, அதற்கும் மேலே குரோம் பூசியது. பளபளப்புக்கு நாம் பார்க்கும் அந்தக் குரோம் அடுக்கு ஒரு மைக்ரான்கூட இருக்காது. தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரானுக்குப் பக்கம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல் உப்புத்தாளை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் குரோம் போய்விடும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நிக்கலும் போய்விடும். அப்புறம் ஆயுள் முழுக்கத் துருதான். மேலாகப் படிந்த துருவை அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் எடுத்துவிடலாம். அதற்கு மேல் குரோம் ரிம்மில் வீட்டில் செய்ய ஒன்றும் கிடையாது. ஆனால் கடையில் உப்புத்தாள் வாங்கும்போது "எதுக்குண்ணா, குரோமா, அலாயா?" என்று ஒருத்தர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

குரோமை உரித்து மறுபடி பூசுவதும் வீட்டு வேலை இல்லை, தெருவோரப் பட்டறை வேலையும் இல்லை. அந்தத் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். அந்த மண்ணும் நிலத்தடி நீரும் என்ன பாடுபடுகின்றன என்பது நாடறிந்த செய்தி. குரோம் பூசித் தருகிறவர் கழிவு நீரை எங்கே விடுகிறார் என்று கேட்டுவிட்டு ரிம்மைக் கொடுங்கள். அதற்கு மேல் நான் இங்கே பேசப்போவது அலாய் வீலைப் பற்றி, அதாவது அலுமினியத்தைப் பற்றி. ஏனென்றால் வீட்டில் கை வைக்கிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் வைக்கிறார்கள், கஷ்டமும் அதில்தான் படுகிறார்கள்.

அந்த ரிமூவர் டப்பாவை எடுத்துக்கொள்வோம். எனக்கு வயிறு எரிவது இதில்தான். பெயின்டை நிமிடத்தில் சுருட்டி எடுக்கும் ரிமூவர்களில் பெரும்பாலும் இருப்பது மெத்திலீன் குளோரைடு. டப்பாவின் பின்னால் எறும்பு சைஸ் எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டிருந்தால் உண்டு. அது கொதிக்கும் வெப்பம் சுமார் 40 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் நம் ஊர் நிழலே அந்த வெப்பத்தைத் தொட்டுவிடும். ஆகவே மே மாதத்தில் மொட்டை மாடியில் வைத்து மூடியைத் திருகினால் உள்ளே அடைந்திருக்கும் ஆவி திரவத்தையும் சேர்த்துக்கொண்டு முகத்தில் பீச்சும். மூடியின் மேல் ஈரத்துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகத் திறக்க வேண்டும். இதை எந்தக் கடைக்காரராவது சொல்லியிருக்கிறாரா?

அந்த ஆவி காற்றைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். மேலே போகாது, தரையில் தேங்கும். மொட்டை மாடி இல்லாத ஃபிளாட்காரர் என்ன செய்வார்? தண்ணீர் வசதி இருக்கிறதே என்று சக்கரத்தைக் குளியலறைக்குக் கொண்டுபோவார். கதவைச் சாத்திக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையோடு தரையாக மூக்கை வைத்துக்கொண்டு சுரண்டுவார். இதைவிட மோசமான இடம் கிடையாது. உள்ளே போகும் ஆவியில் ஒரு பங்கை உடம்பே கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடும். தலை சுற்றும், அப்புறம் நினைவு தப்பும், இதயமே நின்றுவிடலாம். அமெரிக்காவில் குளியல் தொட்டிகளின் பூச்சை உரிக்கும் வேலையில் மட்டும் 2000-க்கும் 2011-க்கும் இடையில் 13 பேர் இதனால் செத்திருக்கிறார்கள். எல்லாம் மூடிய குளியலறைகள். பொதுமக்களுக்கு இதை விற்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 2009-லேயே முடிவெடுத்தார்கள். அமெரிக்காவில் 2019-ல் சில்லறை விற்பனையை நிறுத்தினார்கள். இங்கே? ஹார்டுவேர் கடையில் ஃபெவிகாலுக்கும் ஆணிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. கூடவே ஒரு துணி மாஸ்க்கையும் சமையலறைக் கையுறையையும் தள்ளி விடுகிறார்கள். இந்த ஆவி துணி மாஸ்க்கைச் சட்டை செய்யாது. மருத்துவமனை நீலக் கையுறைகூட ஓரிரு நிமிடங்களுக்கு மேல் தாங்காது, திரவம் ஊடுருவித் தோலைச் சுடும். "கை எரிஞ்சா தண்ணி ஊத்திக்குங்கண்ணா" என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது.

ஆசிட் விற்பனையை எடுத்துக்கொண்டால், உச்ச நீதிமன்றம் 2013-ல் போட்ட உத்தரவு இருக்கிறது. வாங்குகிறவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயது ஆகாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. முகத்தில் ஆசிட் வீசப்பட்ட பெண்கள் வருடக்கணக்கில் போராடிப் பெற்றது அது. அந்த உத்தரவு இருந்தும், வாட்டர் சர்வீஸ் கடைகள் பலவற்றில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிறைய ஆசிட் இருக்கிறது. சக்கரத்தில் வெள்ளை பூத்திருந்தால் தண்ணீரில் கலந்து ஒரு பிரஷ்ஷால் தடவுவார்கள். நுரை பொங்கும், அழுக்கு போகும், பார்க்கப் பளிச்சென்று இருக்கும். பொங்குவது அழுக்கு இல்லை. அலுமினியமே கரைகிறது, அதில் கிளம்பும் ஹைட்ரஜன்தான் குமிழியிடுகிறது. போதாக்குறைக்கு அந்தத் தண்ணீர் பேரிங் சீலின் ஓரத்திலும் செயினிலும் பிரேக் இடுக்கிலும் இறங்கி மெதுவாகத் தன் வேலையைச் செய்யும். சர்வீஸுக்கு விட்ட வண்டியின் சக்கரம் ஏன் ஒரே மாதத்தில் சாம்பல் நிறமாக மங்குகிறது என்று எத்தனையோ பேர் கேட்கிறார்கள். காரணம் இதுதான்.

ஆசிட் ஆகாது என்றால் காஸ்டிக் சோடா ஆகும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. கேட்டைக் கழற்றிப் பழைய பெயின்டை எடுக்கும் பட்டறைக்காரர்கள் காஸ்டிக் தொட்டியில்தான் போடுவார்கள். இரும்புக்கு அது சரி. அலுமினியம் ஆசிட்டிலும் கரையும், காரத்திலும் கரையும். காஸ்டிக் தொட்டியில் அலாய் வீலைப் போட்டால் பெயின்டோடு வீலும் கரையத் தொடங்கும். கறுத்து, சொரசொரத்து வெளியே வரும். இதெல்லாம் பத்தாம் வகுப்புப் புத்தகத்து வேதியியல்தான். புத்தகத்தில் இருப்பது கல்லாவுக்கு வந்து சேரவில்லை.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. நெருப்பு. ரிமூவரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம் என்று சில பட்டறைகளில் புளோ லேம்ப்பைக் காட்டிப் பூச்சைப் பொசுக்கி எடுக்கிறார்கள். வீடியோவில் பார்த்துவிட்டு வீட்டிலும் செய்கிறார்கள். சீக்கிரம் முடிகிறது, சுரண்டினால் கருகல் உதிர்கிறது, உள்ளே வெள்ளை உலோகம் தெரிகிறது. பார்க்கிறவனுக்கு வேலை சுத்தம். ஆனால் அந்தச் சக்கரத்தின் உயிர் போயிருக்கும்.

அலாய் வீல் வெறும் அலுமினியம் இல்லை. சிலிக்கனும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்து வார்த்தது. வார்த்த பிறகு 540 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் குளிரவைத்து, மறுபடி 150-லிருந்து 180 டிகிரிக்குள் மணிக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துவார்கள். பள்ளத்தில் விழுந்தாலும் தாங்கும் உறுதி அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. அதற்கு மேல் 300, 400 டிகிரி என்று சூடு ஏற்றினால் அந்தப் பதம் அழிந்துவிடும், உலோகம் இளகிப்போகும். பவுடர் கோட்டிங் செய்யும் அடுப்பு 180, 200 டிகிரியில் பத்து இருபது நிமிடம்தான், அது பரவாயில்லை. பூச்சை எரித்து எடுக்கிற சூளையும் புளோ லேம்ப்பும்தான் பாவம் செய்கின்றன. இரும்பாவது சூடானால் சிவந்து நம்மை எச்சரிக்கும். அலுமினியம் உருகும் கணம் வரை நிறம் மாறாது. உருகுவதற்கு முன்னால் அது கண்ணுக்கு ஒரு அடையாளமும் காட்டாது. ஆகவே "பாத்துத்தான் சார் காட்டுறோம், ஓவரா சூடு பண்ண மாட்டோம்" என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. எதைப் பார்ப்பார்கள்?

இளகிய சக்கரம் அன்றைக்கே உடைந்துவிடாது. பளபளவென்று வண்டியில் ஏறும். ஈசிஆரில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும். மழையில் தண்ணீர் மூடிய ஒரு பள்ளம் வரும்போதுதான் தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வீல் ஒன்றை ஒருமுறை வாங்கி வந்தேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். கறுப்பு பூசி, புதுசு மாதிரி இருந்தது. சுற்றிவிட்டுப் பார்த்தேன், ஆட்டமில்லை. நம்பிக்கையோடு ரிமூவர் தடவினேன். முதல் சுருளிலேயே கறுப்புக்கு அடியில் சாம்பல் நிறப் பிரைமர், அதற்கும் அடியில் பட்டி. அலாய் வீலில் பட்டி என்ன செய்கிறது என்று நகத்தால் நெம்பினேன். பிஸ்கட் உடைவதுபோல் ஒரு துண்டு கழன்று வந்தது. அடியில், ரிம்மின் விளிம்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஆர்கான் வெல்டிங் தழும்பு. வெல்டிங்கின் இரு ஓரத்திலும் மயிரிழை போல விரிசல் தொடங்கியிருந்தது. எங்கேயோ பள்ளத்தில் விழுந்து விளிம்பு பிளந்த சக்கரம். சூடாக்கித் தட்டி நிமிர்த்தி, வெல்டு வைத்து, பட்டி பார்த்து, கறுப்பு அடித்து விற்றிருக்கிறார்கள். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, "எல்லாரும் இப்படித்தான் சார் ஓட்டுறாங்க. நீங்க எதுக்கு அத உரிச்சீங்க?" என்று என்னையே கேட்டார்கள். அந்தச் சக்கரத்தின் மேல் ஒரு மனிதன் உட்கார்ந்து போவான், பின்னால் மனைவியோ பிள்ளையோ இருக்கலாம் என்பது அந்தக் கேள்வியில் எங்குமே இல்லை. நான் உரித்தது தப்பு என்பதுதான் அவர்கள் வாதம். இந்த ஊரில் அலாய் வீலை உரிக்காமல் நம்பக் கூடாது என்று நான் முடிவுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

சரி, இனி முறையாக உரிப்பதையும் தேய்ப்பதையும் பார்ப்போம். இதில் வீட்டிலேயே செய்கிறவனுக்குக் கிடைக்கும் சந்தோஷத்தைச் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் நியாயமில்லை. பவுடர் கோட்டிங் ஒருமுறை தடவினால் போகாது. ரிமூவரை ஒரே பக்கமாகக் கனமாக அப்பி, மேலே பாலிதீன் தாளைச் சுற்றி மூடி வைத்தால் ஆவி சீக்கிரம் பறக்காது. கொஞ்ச நேரம் கழித்துத் தாளை எடுத்தால் பூச்சு சுருங்கி எழுந்து நிற்கும். இரும்புத் தகட்டால் சுரண்டக் கூடாது, கோடு விழுந்துவிடும். பழைய ஏடிஎம் கார்டு போதும். ஹப்பின் மூலைகளிலும், வால்வு ஓட்டையைச் சுற்றியும், ஆரக்கால்கள் ரிம்மோடு சேரும் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருப்பதை மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டு நோண்டி எடுக்க வேண்டும். டயரையும் டிஸ்க்கையும் பேரிங்கையும் முன்பே கழற்றியிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பேரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு தேய்த்தால் சேறு உள்ளே போய், கொஞ்ச நாளில் கரகரவென்று சத்தம் வரும்.

பிறகு உப்புத்தாள். கறுப்பாக இருக்கும், தண்ணீர் தாங்கும் தாள்தான் வேண்டும். 240-ல் தொடங்கி 400, 600, 1000, 2000 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பர் போட்ட கோட்டை முழுசாக அழித்த பிறகுதான் அடுத்ததற்குப் போகலாம். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. 240-ஐ நெட்டுவாக்கில் தேய்த்தால் 400-ஐக் குறுக்குவாக்கில் தேயுங்கள். பழைய கோடு எங்கே பாக்கி இருக்கிறது என்று வெயிலில் சாய்த்துப் பிடித்தாலே தெரிந்துவிடும். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் அப்போதைக்குத் தெரியாது, பாலீஷ் ஏறிய பிறகு பூதமாக எழுந்து வரும். தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டுத் தேய்க்கும்போது கருங்குழம்பு வழியும். அந்தக் கருமை அலுமினியம்தான். நகக்கண்ணில் ஏறினால் நாலு நாளைக்குப் போகாது. ஆயிரத்தைத் தாண்டும்போது சக்கரம் பால் வெள்ளையாக மாறும், இரண்டாயிரத்தில் நம் கை நிழல் அதில் அசைவது தெரியும். அந்த நேரத்தில் சோறு தண்ணி தோன்றாது.

இரும்புக்குத் தேய்த்த தாளை அலுமினியத்துக்குத் தேய்க்கக் கூடாது என்பதும் யாரும் சொல்லாத விஷயம். பாத்திரம் துலக்கும் இரும்பு நார் வேண்டவே வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்துகொண்டால் ஈரம் பட்ட இடத்திலெல்லாம் புள்ளி புள்ளியாக அரிக்கும். டயர் உட்காரும் உள்விளிம்பையும் விட்டுவிட வேண்டும். அங்கே மேடுபள்ளமாகத் தேய்த்தால் ட்யூப்லெஸ் டயரில் காற்று நிற்காது.

துணிச் சக்கரம் போட்டு மெஷினில் பாலீஷ் ஏற்றுவது தனி வித்தை. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் பாலீஷ் போடுகிற தொழிலாளர்களைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். பாத்திரத்தை எந்தக் கோணத்தில் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும், எந்த விளிம்பைக் கொடுத்தால் பிடுங்கி எறியும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். முகத்தில் அப்பும் கரியும் மூக்கில் ஏறும் தூசியும் அவர்கள் பல காலமாகக் கொடுத்துவரும் விலை. நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும் பெஞ்ச் கிரைண்டரில் துணிச் சக்கரத்தை மாட்டி, பக்கவாட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு அலாய் வீலை அதில் கொடுக்கச் சொல்லி வீடியோ போடுகிறவர்கள் அந்த விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. துணி ஒரு ஓட்டையில் மாட்டினால் மொத்தச் சக்கரமும் நெஞ்சுக்கு வரும். அதே கிரைண்டரில் இரும்பைத் தேய்த்துவிட்டு அலுமினியத்தையும் தேய்ப்பது இன்னும் மோசம். அலுமினியத் தூசியும் இரும்புத் துருவும் கலந்து கிடக்கையில் தீப்பொறி பட்டால் தண்டவாளத்தை ஒட்டப் பயன்படுத்துகிறார்களே, அதே எரிப்புதான். அதைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. வறண்ட மணல்தான் கொட்ட வேண்டும். வீட்டில் செய்கிறவர்களுக்கு ஈரத் தாளும் கையும் போதும், கடைசியில் மெட்டல் பாலீஷும் பழைய பனியன் துணியும். நேரம் பிடிக்கும், உயிருக்குப் பழுதில்லை.

எல்லாம் முடிந்து முகம் பார்க்கிற அளவுக்கு வந்த பிறகு லாக்கர் அடிப்பதா வேண்டாமா என்று கேட்டால் அங்கேயும் யாரும் உள்ளதைச் சொல்வதில்லை. கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும் அலுமினியத்தில் லாக்கர் சரியாகப் பிடிக்காது. ஸ்பிரே டப்பாவில் வரும் ஒற்றை லாக்கர் பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும். ஹார்டனர் கலந்து அடிக்கும் லாக்கர் உறுதியானது, ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. சரியான முகக்கவசம் இல்லாமல் அதைச் சுவாசித்துப் பழகினால் ஆயுளுக்கும் ஆஸ்துமா வரலாம். கார் பெயின்ட் கடைகளில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அதை அடிக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. லாக்கரே அடிக்காமல் விட்டால்? கடற்கரை ஊரில் சில வாரங்களில் மங்கும், மறுபடி துடைக்க வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி துடைக்க வேண்டும். "ஒருமுறை பண்ணா போதும், லைஃப் லாங் அப்படியே இருக்கும்" என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். பாலீஷ் போட்ட அலுமினியம் அப்படி இருக்காது. துடைக்க மனமிருப்பவர்கள் மட்டும் பாலீஷ் போடலாம், மற்றவர்கள் சுத்தமாக உரித்துவிட்டு நல்ல பவுடர் கோட்டிங் போட்டுக்கொள்வதே உத்தமம். துடைக்கும்போது மெழுகோ பாலீஷோ டிஸ்க்கில் பட்டுவிடக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

வண்டி தயாரிக்கிறவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. உரிமையாளர் கையேட்டில் செயினுக்கு எண்ணெய் விடுவது முதல் கண்ணாடி துடைப்பது வரை இருக்கிறது. ஆனால் சக்கரத்தின் மேல் பூசியிருப்பது என்ன பூச்சு, அதை எதைக் கொண்டு எடுக்கலாம், எத்தனை டிகிரிக்கு மேல் சூடு காட்டக் கூடாது என்று ஒரு வரி இல்லை. கேட்டால் "சக்கரத்தை மாற்றிவிடுங்கள்" என்கிறது சர்வீஸ் சென்டர். நல்ல சக்கரம், வெறும் மேல்பூச்சு போனதற்காக ஏன் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டும்? இரண்டு வரி அச்சடித்தால் எத்தனையோ சக்கரங்கள் பிழைக்கும், புளோ லேம்ப்பில் வெந்த சக்கரங்கள் ரோட்டுக்கு வராமல் இருக்கும்.

டப்பாவில் தமிழில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை போடச் சொல்லிக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை. பூச்சிமருந்து டப்பாவில் நிறத்தால் விஷத்தின் அளவைக் காட்டும் அடையாளம் இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் சிவப்பு முக்கோணம் புரிகிறது. ரிமூவர் டப்பாவுக்கு அப்படி ஒன்று ஏன் இருக்கக் கூடாது? கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரே, விற்பதை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. "வெளியில, காத்தோட்டமா வச்சுப் பண்ணுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சில்லறையைக் கொடுங்கள். வீடியோ போடும் தம்பிமாரே, பளபளப்பைக் காட்டுகிற நேரத்தில் பாதியைக் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் கொடுங்கள்.

வீட்டில் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு: காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். நெருப்பைக் காட்டாதீர்கள், ஆசிட்டையும் காஸ்டிக்கையும் அலுமினியத்தின் பக்கம் கொண்டுவராதீர்கள். உரித்த பிறகு விரிசலோ வெல்டிங்கோ தெரிந்தால் அந்தச் சக்கரத்தை யாருக்கும் விற்காமல் உடைத்துப் போடுங்கள். ரிமூவர் டப்பாவின் பின்னால் மெத்திலீன் குளோரைடு என்று இருந்தால், எந்தக் காரணத்தைக் கொண்டும் அதைக் குளியலறைக்குள் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.